எதிர்வீட்டு வானிலை

"துணி நனையுமா, நனையாதா? அதை மட்டும் சொல்லுங்க."

தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலேயே மனைவி கேட்டாள். டைம்கீப்பர் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் "இரு, இரு" என்று சைகை காட்டினார். கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒரே இடத்தில் நிலைகொண்டிருக்கிறது, அது நகரக்கூடும், நகராமலும் இருக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு ரேடியோ விளம்பரத்துக்குப் போய்விட்டது.

பஸ் நிலையத்தில் வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. அதனால் தெரு முழுக்க அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதி அனுப்புகிற மனிதருக்கு, கடலில் நிற்கிற ஒன்று எப்போது கிளம்பும் என்று தெரியாதது பெரிய அவமானமாக இருந்தது. லீவு போட்டிருந்தும் காலையிலிருந்து அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை.

உட்காரத்தான் இடமேது? அறை முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை. வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் மலையாகக் கிடந்தது, நீலப் பாவாடையும் நிக்கரும் இன்னொரு பக்கம். அத்தனையும் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

போன வருஷமும் இதே ஆர்டர்தான். அப்போதும் ஒரு தாழ்வு மண்டலம் வந்தது. "புயலா என்ன? வெறும் தாழ்வு மண்டலம்தான். பேசாம படு" என்று மனைவிக்குத் தைரியம் சொல்லிவிட்டு டைம்கீப்பர் குறட்டை விட்டார். விடிந்தபோது கட்டில் கால் தண்ணீரில் நின்றது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சேற்று நிறத்தில் மிதந்தன. தலைமை ஆசிரியை பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருஷம் மனைவி நாலைந்து முறை நடந்து, கெஞ்சி, அந்த ஆர்டரை மறுபடி வாங்கியிருந்தாள். "இந்த ஒரு தடவைதான். இதுலயும் வாடை அடிச்சா இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்பது அங்கே கிடைத்த பதில்.

அன்றைக்கு அவள் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சேற்றுச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து காயப்போட்டாள், அவ்வளவுதான். அதனால்தான் இந்த ஒரு வருஷமாகத் தாழ்வு மண்டலம் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் படித்து வைத்திருந்தார்.

"இங்க பாரு, சொல்றேன். கடல் சூடாகுது. அதுக்கு மேல இருக்கற காத்தும் சூடாகி மேல போயிடுது. அந்த எடத்துல அழுத்தம் கொறஞ்சு போச்சா? உடனே சுத்துப்பட்டுல இருக்கற காத்தெல்லாம் அங்க ஓடி வருது. நேரா வராது. சுத்திச் சுத்தி வரும்."

பேச்சு வேகத்தில் துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

"மொதல்ல தாழ்வுப் பகுதி. அது வலுத்தா தாழ்வு மண்டலம். இன்னும் வலுத்தா ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதுக்கும் மேல போனாத்தான் புயல். புரியுதா?"

"எதுல வரையறீங்க?"

குனிந்து பார்த்தார். தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்த நீலப் பாவாடையின் மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஒன்று அழகாக நிலைகொண்டிருந்தது.

மனைவி அதைப் பிடுங்கி உதறினாள். "காத்து ஓடி வந்தா வரட்டும். தண்ணி ஓடி வருமா?"

"அதான் விஷயமே. புயல்னா காத்துக்குப் பயப்படணும். இதுல தண்ணிக்குத்தான் பயப்படணும். சட்டுனு கடந்து போயிட்டா பொழச்சோம். நகராம நின்னுச்சுன்னா நின்ன எடத்துலயே கொட்டித் தீத்துடும். போன தடவை அப்படித்தான் ஆச்சு."

"போன தடவையே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

டைம்கீப்பர் ரேடியோவின் பட்டனைத் திருகினார். அதிலும் பாட்டுதான் வந்தது.

"சும்மா நிக்காம அந்த மெத்தையத் தூக்கி மொட்டை மாடியில போடுங்க. மடிச்சு வைக்க எடமே இல்ல."

நல்லவேளையாக ஒரு வேலை கிடைத்ததே என்று மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வெளிப்படிக்கட்டு வழியாக இரண்டு முறை முட்டி, ஒரு முறை சறுக்கி, மாடியில் கொண்டுபோய்ப் போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றபோதுதான் எதிர்வீட்டைப் பார்த்தார்.

எதிர்வீட்டில் இருப்பவர் வானிலைக்காரர். வானிலை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை வருமா என்று அவரிடம் கேட்டால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வரலாம். வராமலும் போகலாம்" என்பார். இத்தனை வருஷ அனுபவத்தில் இதைத்தான் கற்றாரா என்று ஆரம்பத்தில் தெரு எரிச்சல்பட்டது. பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு, செய்வதைப் பார்க்க ஆரம்பித்தது. அவர் குடையோடு கிளம்பினால் தெரு முழுக்கக் குடை. அவர் வீட்டுக் கொடியில் துணி இருந்தால் எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி இருக்கும். ரேடியோவாவது மயிராவது என்று தெருமுனை சலூன்காரரே சொல்வார், அவர் சொன்னால் அதில் தொழில் அனுபவமும் இருக்கும்.

அந்த வானிலைக்காரர் இப்போது, வியர்வையில் பனியன் நனைய நனைய, கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டைம்கீப்பர் படிகளில் ஓடி இறங்கினார்.

"சிலிண்டரைத் தூக்கறாரு!"

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின் முதல்முறையாக நின்றது.

"யாரு, எதிர்வீட்டுக்காரரா? நெஜமாவா?"

"கண்ணால பாத்தேன்."

அதற்கு மேல் ரேடியோவை யார் கேட்கப்போகிறார்கள்? டைம்கீப்பர் சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். வெள்ளம் வந்தால் முதலில் குடிதண்ணீர்தான் போகும் என்று படித்திருந்தார். ஆகவே குடம், வாளி, டிரம், கடைசியில் பழைய பிளாஸ்டிக் குளியல் தொட்டிவரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து அடுக்களையில் வரிசையாக வைத்தார். தைத்த துணியை உயரத்தில் வைக்க வேண்டும் என்றும் படித்திருந்தார். அதனால் சட்டை மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்களைப் பரணில் ஏற்றினார்.

இரண்டு ஏற்பாடுமே சரியானவைதான். ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று இருந்ததுதான் கோளாறு.

கடைசி மூட்டையைத் தள்ளியபோது பரண் பலகை முனகியது. "பலகை ஏதோ சொல்லுது" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. மூட்டைகள் குளியல் தொட்டியில் ஒன்று, டிரம்மில் ஒன்று என்று இடம் பார்த்து விழுந்தன. பலகையின் முனை ஜன்னல் கண்ணாடியில் மோதி, குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது.

வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. உள்ளே துணி நனைந்துவிட்டது.

மனைவி ஈரச் சட்டைகளை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள். டைம்கீப்பருக்குப் பகீரென்றது. போன வருஷமும் இப்படித்தான் பிழிந்தாள்.

"திட்டேன்டி. வாய் விட்டுத் திட்டேன்."

"நேரம் இல்ல. போய்க் கொடி கட்டுங்க."

மொட்டை மாடியில் கொடி கட்டிச் சட்டைகளைக் காயப்போட்டார்கள். வானம் அழுக்குத் துணி நிறத்தில் இருந்தது, ஆனால் காற்று அடித்தது. காற்று அடித்தால் காய்ந்துவிடும் என்று மனைவி உட்கார்ந்து பட்டன் தைக்கப் போனாள். ஒரு மூட்டைக்கு இன்னும் பட்டனே வைக்கவில்லை. டைம்கீப்பர், கண்ணாடி உதிர்ந்து யார் காலிலாவது குத்தப்போகிறதே என்று, அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், விரிசல் விட்ட ஜன்னலில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்.

ஒட்டி முடித்து நிமிரும்போது, ஒரு வெள்ளைச் சட்டை கையை விரித்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே பறந்துபோய் எதிர்வீட்டு வாசலில் இறங்கியது.

அதை எடுக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வானிலைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி, தன் வீட்டு ஜன்னல்களில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஜன்னல் பாக்கியில்லை.

"சார்... அப்ப வருதா?" டைம்கீப்பர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

வானிலைக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வரலாம். வராமலும் போகலாம்." பிறகு கொஞ்சம் குனிந்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"நான் என்ன சார் நினைக்கறது!"

"அதுசரி" என்று வானிலைக்காரர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் ஒரு துண்டு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு பக்குவமாக மறைக்கிறார் பாருங்கள் என்று டைம்கீப்பருக்குப் புல்லரித்தது. சட்டையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மிச்சமிருந்த எல்லா ஜன்னலையும் சாத்தி டேப் ஒட்டினார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கொசு வருகிற ஓட்டை எதையும் விடவில்லை. பிறகு மாடிக்கு ஓடி, அரைகுறையாகக் காய்ந்த சட்டைகளை மழை வருவதற்குள் அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட்டார்.

வீடு இருட்டிவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை. சட்டைகளுக்கு நடுவில் மனைவி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது.

"ஊசில நூல் கோக்க முடியல" என்று ஒரு சட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"லைட்டைப் போடேன்."

"போட்டுத்தான் இருக்கு. உங்க சட்டைக்கு அந்தப் பக்கம்." கொஞ்ச நேரம் கழித்து, "என்னங்க, வாடை வருதா?"

டைம்கீப்பர் மோந்து பார்த்தார். காற்றே புகாத அறையில் ஈரத்துணி என்ன செய்யுமோ அதைச் செய்ய ஆரம்பித்திருந்தது. போன வருஷம் சேற்று வாடை. இந்த வருஷம் மக்கிய வாடை. வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, ஆனால் தலைமை ஆசிரியையின் மூக்கு அந்த அளவுக்குப் பாகுபாடு பார்க்காது.

இனி யாரையாவது கேட்காமல் தாங்காது என்று பஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். கடலோரத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த டிரைவர் ஒருவர் பேசினார்.

"அங்க எப்படிப்பா இருக்கு?"

"சும்மாதான் சார் இருக்கு. காத்துகூட இல்ல. அடுத்த டிரிப் எடுக்கலாமா வேண்டாமா சார்? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்."

"நான் என்னப்பா சொல்றது!"

"உங்களுக்குத் தெரியாததா சார்?"

டைம்கீப்பர் பேச்சை மாற்றி, "அந்த ஹாரன் இருக்கானா? வேனை எடுத்துட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. எங்கயும் போகல. சும்மா நிக்கட்டும்" என்றார்.

ஹாரன் என்பது வேன்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர். அவர் பேசுவதைவிட ஹாரன் அடிப்பதுதான் அதிகம். வந்து நின்றதும் அடித்தார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். கொஞ்சம் கழித்து அடித்தார். எவ்வளவு நேரம் என்று அர்த்தம். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.

"வேன் எதுக்கு?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும். ஒரு தைரியத்துக்கு."

"இன்னும் பட்டன் முடியல. பாதித் துணியக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தம்மா வாசல்லயே நிறுத்திடும்."

"குடுக்கச் சொல்லல. நிக்கத்தான் சொன்னேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. அதோடு சேர்ந்து எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. டேப்புக்கு நடுவில் இருந்த சந்து வழியாக டைம்கீப்பர் பார்த்தார். வானிலைக்காரர் இரண்டு பையோடும், அவர் மனைவி ஒரு பெட்டியோடும், ஒரு கூடையோடும் ஓட்டமாக வந்து ஆட்டோவில் ஏறினார்கள். பூட்டை இழுத்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. ஆட்டோ சிட்டாய்ப் பறந்துவிட்டது.

"போச்சு" என்றார் டைம்கீப்பர். "அவரே ஓடறாரு."

அடுத்து நடந்ததை ஓர் ஒழுங்கோடு சொல்ல முடியாது, அதில் ஒழுங்கு இல்லை. தெருவே கதவைப் பூட்டியது. தெருவே வெளியே ஓடி வந்தது. தெருவில் ஒரே ஒரு வேன்தான் நின்றது. டைம்கீப்பர் மூட்டைகளை ஏற்றுவதற்குள் பக்கத்து வீட்டு டிவியும், இரண்டு சைக்கிளும், ஒரு மீன் தொட்டியும் உள்ளே போய்விட்டன. சலூன்காரர் தன் சுழல் நாற்காலியைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"இது எதுக்குய்யா?" என்று டைம்கீப்பர் கத்தினார்.

"கடையே இதான் சார்! கண்ணாடி போனா வாங்கிக்கலாம். இது போனா தொழிலே நின்னுடும். அக்கா, நீங்க இதுல உக்காந்துக்கங்க."

அப்படித்தான் மனைவி, ஓடுகிற வேனில், சலூன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டு வந்தாள். வேன் இடப்பக்கம் திரும்பினால் அவள் வலப்பக்கம் சுழன்றாள். ஒவ்வொரு சுழற்சியிலும் புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். மீன் தொட்டியைத் தாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த டைம்கீப்பருக்கு ஒதுங்க இடமில்லை.

"எங்க சார் போறது?" என்று ஹாரன் முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டார்.

போன தடவை தெருவே போய்த் தங்கியது மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தில்தான். இந்தத் தடவையும் வேறு போக்கிடம் கிடையாது. திங்கட்கிழமை மணக்க மணக்கக் கொடுக்க வேண்டிய துணியை, இப்போதே, இந்த வாடையோடு அந்த அம்மாள் மூக்குக்கு நேராகக் கொண்டுபோகிறோமே!

சனிக்கிழமை ஆனாலும் தலைமை ஆசிரியை பள்ளிக்கூடத்தில் இருந்தார். மீன் தொட்டியும் சலூன் நாற்காலியுமாக ஒரு தெரு இறங்குவதைப் படியில் நின்று பார்த்தார்.

"யாரு உங்கள வரச் சொன்னா? எனக்கு ஒரு உத்தரவும் வரலையே?"

"எதிர்வீட்டு வானிலைக்காரர் கெளம்பிட்டாரும்மா!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எங்க கெளம்பினாரு?"

அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் இல்லை. வழியிலும் யாரும் பார்க்கவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, பளிச்சென்று வெயில் அடித்தது.

மொத்தத் தெருவும் டைம்கீப்பர் பக்கம் திரும்பியது.

"சார், வேனை வரச் சொன்னது நீங்கதானே?"

"நான் நிக்கத்தான் சொன்னேன்யா!"

"நல்லா நின்னுச்சு போங்க. அடுப்புல வெச்ச பாலை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதற்குள் தலைமை ஆசிரியை மூட்டையை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றை அவிழ்க்கச் சொன்னார். ஒரு சட்டையை எடுத்துத் தையலைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார். தலையாட்டல் நின்றது.

"மறுபடியுமா?" என்றார்.

மனைவி தலை குனிந்து நின்றாள். கையில் இன்னும் ஊசி இருந்தது.

டைம்கீப்பர் முன்னே வந்தார். "அம்மா, அவ தைச்சதுல ஒரு குத்தம் கிடையாது. பத்திரமா வைக்கறேன்னு தண்ணில போட்டது நான். போன தடவை ஒண்ணும் செய்யாம கெடுத்தேன். இந்தத் தடவை எல்லாம் செஞ்சு கெடுத்துட்டேன். என்னைத் திட்டுங்க. ஆர்டரை மட்டும் எடுத்துடாதீங்க."

"எனக்கு உங்க வீட்டுக் கதை வேண்டாம் சார். பிள்ளைங்க போடற துணி. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். டைம்கீப்பர் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பத்தடி போவதற்குள் வெயில் போய்விட்டது. இன்னும் பத்தடியில் மைதானத்தின் அந்தக் கோடி தெரியவில்லை. என்ன என்று நிமிர்ந்து பார்த்த கண்ணில் அடித்தது மழை.

மழை என்று சொன்னால் போதாது. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதன் மேல் தானே குடையாகக் கவிழ்ந்து, டைம்கீப்பர் திரும்பி ஓடி வந்தார். அவர் தலையிலிருந்து கால்வரை சொட்டியது. மூட்டை நனையவில்லை.

கொட்டியது கொட்டியதுதான், நிற்கவேயில்லை. கடலில் நின்றது கரைக்கு வந்து, வந்த இடத்தில் சாவகாசமாக நின்றுகொண்டது. கொஞ்ச நேரத்தில் ஆற்றோரக் குடிசைப் பக்கத்திலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தைகள். எல்லாம் தொப்பலாக நனைந்து, பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தன. பாதிப் பேர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான்.

தலைமை ஆசிரியை அவர்களைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "ஏம்மா, நின்னுட்டு என்ன பண்ற? அவிழு!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

ஊசி இருந்த கையாலேயே மனைவி முடிச்சுகளை அவிழ்த்தாள். தலை துவட்டி, சட்டை மாட்டி, பட்டன் இல்லாத சட்டைக்கு அங்கேயே நாலு தையல் போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக நகர்த்திவிட்டாள். ஒரு சின்னப் பெண் பாவாடையில் இருந்த சாக்பீஸ் வட்டத்தை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே தூங்கிப்போனாள். வாடை பற்றி யாரும் பேசவில்லை. ஆற்றோரமே நனைந்து வந்திருக்கும் இடத்தில் எந்த வாடை யாருடையது என்று யார் கண்டார்கள்?

"அளவெல்லாம் கச்சிதமா இருக்கு" என்றார் தலைமை ஆசிரியை, தன்னையே நொந்துகொள்கிற குரலில். "அடுத்த வருஷத்துக்கும் நீயே அளவு எடுத்துக்க."

மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருஷமாகத் தொலைந்திருந்த சிரிப்பு. டைம்கீப்பருக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்த முகம் என்பதால் வெளியே தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் சேதி வந்தது. தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். வாசலில் கட்டியிருந்த சைக்கிள் ஒன்றையும் காணோம். கிளம்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் நினைத்துப் பார்த்தார்கள். பால் விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி டைம்கீப்பரிடம் வந்து, "தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே" என்றாள்.

அப்போதுதான் வழியில் ரிப்பேராகி நின்ற ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், வானிலைக்காரரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். தெரு ஓடிப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் துண்டு கொடுத்தார், ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். சலூன்காரர் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்தார்.

டைம்கீப்பர் கும்பிட்டார். "சார், நீங்க தெய்வம் சார். ரேடியோவே சரியாச் சொல்லல. நீங்க சிலிண்டரைத் தூக்கினீங்க, டேப் ஒட்டினீங்க, கடைசில கெளம்பினீங்க. உங்களைப் பாத்துத்தான் நாங்க இத்தனை பேரும் உசுரோட இருக்கோம். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

வானிலைக்காரர் நாற்காலியில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அட நீங்க வேற! ஊர் ஊரா வர்ற டிரைவருங்க டைம்கீப்பர்கிட்டதான் சேதி சொல்லுவாங்க, அவருக்குத் தெரியாம இருக்காதுன்னு, காலையில நீங்க மெத்தையத் தூக்கினதுலேர்ந்து இந்த மனுஷன் உங்க வீட்டையேதானே பாத்துட்டு இருந்தாரு. வாசல்ல வேன் வந்து நின்னதும்தான் 'கெளம்பு, கெளம்பு'ன்னு என்னை இழுத்துட்டு ஓடி வந்தாரு!"